மொட்டைப் பாறையில் நலம் விசாரிப்பு

ஈச்சங்காட்டுக் குளத்துத் தண்ணீர் பச்சை பிடித்து நாறியது. குடித்தவை எல்லாம் வயிற்றுக்கடுப்பில் சுருண்டு விழுந்தன.

மலைக்கு அப்பாலிருந்த கரடி வைத்தியர் ஒரு கிளியை அனுப்பினார். "எல்லோரையும் கேட்டுச் சொல்லுங்கள். நோய் இருக்கும் காட்டுக்குத்தான் மருந்து மூட்டையோடு வருவேன்" என்பது அவர் செய்தி.

கேட்டுச் சொல்லும் பொறுப்பு கீரிக்கு. யாரும் கொடுக்கவில்லை, தானே எடுத்துக்கொண்டது. மொட்டைப் பாறையின் உச்சியில் கூட்டம் என்று அறிவித்தது. நோயாளி தானே ஏறி வந்து சொல்ல வேண்டும். ஒருவருக்காக இன்னொருவர் பேசினால் செல்லாது. இதுதான் விதி.

கூட்டம் திருவிழாவாகக் களைகட்டியது. பாறை உச்சியில் ஒரு சுனை உண்டு. அங்கேயே வசித்து அதையே குடிக்கும் வரையாடுகள் துள்ளிக் குதித்தன. குரங்குகள் தோள்மேல் தோள் ஏறிக் கோபுரம் கட்டின. ஒரு கிழக் குரங்கு மட்டும் பல் ஆடுகிறது என்றது. வயசானால் ஆடத்தான் செய்யும் என்று அதைத் தள்ளிவிட்டார்கள்.

"நூற்றுக்கு நூறு நலம்" என்றது கீரி. உடனே இன்னொரு ஆட்டம் ஆரம்பமானது.

அப்போது ஒரு பெண் முயல் மூச்சிரைக்க ஏறி வந்தது. அதன் கணவன் மூன்று நாளாக வளையை விட்டு எழவில்லை. கண் செருகத் தொடங்கியிருந்தது.

"கீரி அண்ணே, என் வீட்டுக்காரருக்கு முடியலை. அவரையும் சேத்துக்குங்க."

"அவரையே வரச் சொல்லு தங்கச்சி."

"எழுந்து வர முடிஞ்சா அவருக்கு எதுக்கு மருந்து?"

"நீ நல்லாத்தானே ஏறி வந்தே? உன்னை நலம்னு சேத்துக்கிறேன், போ."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. முயல் ஒவ்வொரு முகத்தையும் நன்றாகப் பார்த்துவிட்டு இறங்கியது.

ஆடிய களைப்பில் எல்லோரும் மொண்டு மொண்டு குடித்ததில் சுனை வற்றிவிட்டது. தாகம் தாங்காமல் எல்லோரும் குளத்துக்கு ஓடி வயிறு முட்டக் குடித்தார்கள்.

மறுநாள் காலை பதில் வாங்க வந்த கிளி பாறை உச்சியில் அமர்ந்து, யாருக்காவது நோய் உண்டா என்று மூன்று முறை கூவியது. ஓர் ஈ, எறும்புகூட அங்கே இல்லை. இப்படி ஒரு நலமான காடா என்று மகிழ்ந்து சிறகைக் கோதியது.

பாறை அடியில் கீரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டது. அதன் முனகல் உச்சிக்கு எட்டவில்லை. அந்த வழியாக வந்த முயலிடம், கிளியிடம் போய்த் தனக்காகச் சொல்லும்படி கெஞ்சியது.

"ஒருத்தருக்காக இன்னொருத்தர் பேசினாச் செல்லாதே அண்ணே."

"அந்த விதியை எடுத்துட்டேன் தாயே!"

கீரி இன்னும் இரண்டு உருட்டு உருளும்வரை முயல் காதைச் சொறிந்துகொண்டு நின்றது. பிறகு பாய்ந்து ஏறிக் கிளியைப் பிடித்தது. வளை வளையாக, புதர் புதராக அழைத்துப் போய்க் காட்டியது. அறுபத்து மூன்று பேர் எழ முடியாமல் கிடந்தார்கள்.

கிளி பறந்தது. உச்சி வெயிலில் கரடி வைத்தியர் வந்தார். முயல் அவரை நேரே தன் வளைக்குக் கூட்டிப் போனது. மருந்து இறங்கியதும் கணவன் கண் திறந்தது. அதன்பின் முயல் வைத்தியரைக் காடு முழுக்க அழைத்துப் போனது. கீரி வழியிலேயேதான் கிடந்தது. ஆனாலும் அதன் முறை அறுபத்து நான்காவதாகத்தான் வந்தது.

ஊரின் நலத்தை அறிய விரும்புகிறவர்கள், கூட்டத்துக்கு வந்தவர்களை மட்டும் கேட்காமல், வர முடியாதவர்களின் வாசலுக்கும் போய்க் கேட்க வேண்டும்.