பனியில் அணைந்த ஹெட்லைட்

கொடைக்கானல் மலைப்பாதையின் பகல் பனிமூட்டத்தில் ஆரோக்கியசாமியின் பைக் ஹெட்லைட் பொசுக்கென்று அணைந்தது. எதிரே வந்த லாரிக்காரருக்கு அவன் தெரியவில்லை. லாரி மோதி அவன் வலது கால் போயிற்று.

ஒரிஜினல், இரண்டு வருட வாரண்டி என்று சொல்லி ஆன்லைனில் லைட்டை விற்றவர் தனசிங். "அவர் எங்கள் டீலரே இல்லை, வாரண்டி செல்லாது" என்று லைட் கம்பெனி கைவிரித்தது.

காபித் தோட்டத்தில் கூலி வேலை பார்க்கும் ஆரோக்கியசாமியின் மனைவி பவுலின் நுகர்வோர் கோர்ட் படி ஏறினாள்.

"லைட் சுத்த ஒரிஜினல். ஓட்டத் தெரியாம விழுந்துட்டான்" என்றார் தனசிங் மிடுக்காக.

"சரிங்கய்யா. அதே லைட்டை உங்க மகன் பைக்ல மாட்டி அந்த மலைக்கு அனுப்புங்க. கேஸை இப்பவே வாபஸ் வாங்கிக்கறேன்."

"என் புள்ளை எதுக்கு டூப்ளிகேட்டை..." தனசிங் நாக்கைக் கடித்துக்கொண்டார். நீதிபதி அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

ஜெயித்த சேதியோடு பவுலின் வீட்டுக்கு வந்தாள். ஆரோக்கியசாமி மெல்லக் கேட்டான்: "இன்னும் எத்தனை பேரு அதை மாட்டிக்கிட்டுப் போறாங்களோ?"