ஆள் வராத கேட்

விரைவு ரயில் பாதையை ஒட்டிப் பழைய ரயில் பாதை கிடக்கிறது. தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது. குருவும் சீடரும் அதன்மேல் நடந்தார்கள்.

குருவைவிடச் சீடர் வயதில் மூத்தவர். பெயர் தணிகாசலம். ரயில்வே சர்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தீட்சை கேட்டு வெகுநாளாகக் காத்திருந்தார். நீங்கள் வேலை பார்த்த பாதையில் ஒருமுறை நடப்போம், பிறகு பார்க்கலாம் என்று குரு சொல்லியிருந்தார்.

தணிகாசலம் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்தார். கை உதிர்ந்த சிக்னல் கம்பம். அரசங்கன்று முளைத்து வெடித்த தண்ணீர்த் தொட்டி. குரு நின்று நின்று பார்த்தார்.

ஓரிடத்தில் கூரை இல்லாத கேட்கீப்பர் அறை. அதன் எதிரே, முன்பு சாலை கடந்த இடத்தில், விரைவு ரயிலுக்காக எழுப்பிய நெடுஞ்சுவர்.

"இந்தக் கேட்டை மூடலாம் என்று எழுதியது நான்தான், சாமி."

குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. புதிய பாதை போடுமுன், எத்தனை பேர் கடக்கிறார்கள் என்று மூன்று நாள் எண்ண வந்தாராம். மூன்று நாளும் இந்தக் கேட்டைவிட்டு அசையவில்லையாம். ஒரு வண்டி, ஒரு சைக்கிள்கூடக் கடக்கவில்லை. வேறு ஆள் என்றால் வீட்டில் படுத்துக்கொண்டே எண்ணியிருப்பான் என்றார்.

சுவருக்கு அடியில், மழைத்தண்ணீர் போக, பழைய செங்கல் மதகோடு ஒரு சிமெண்டுக் குழாயைச் சேர்த்திருந்தார்கள். அதற்குள்ளிருந்து ஒரு பெண் குனிந்தபடி வெளியே வந்தாள். இடுப்பில் அரிவாள், முழங்கால்வரை சேறு.

"இருங்க சாமி, முதுகு நிமிரட்டும். அப்புறம் கும்பிடுறேன்."

பெயர் பூவாயி. சுவருக்கு அந்தப்புறம் ஊர். புல் அறுக்க வந்தவள். ஏன் இந்த வழி என்று குரு கேட்டார். மேம்பாலம் சுற்றி வந்தால் அரை நாள் போய்விடும் என்றாள்.

"முன்ன கேட்டு இருந்துச்சு சாமி. ஆள எண்ண ஒருத்தர் வந்தாரு. அம்மனுக்குக் காப்புக் கட்டியிருந்த நேரம். காப்புக் கட்டிட்டா நாங்க எல்லை தாண்ட மாட்டோம். எல்லை இந்தக் கேட்டுதான். யாருமே வரலைன்னு எழுதிட்டுப் போயிட்டாரு."

"அவரிடம் நீங்கள் சொல்லவில்லையா?"

"அவரு கேக்கலையே. வெயில்ல ஒரு மனுசன் தனியா உக்காந்திருக்காரேன்னு மூணு நாளும் ஆடிக் கூழ் கொண்டாந்து, கேட்டுக்கு அந்தப்பக்கம் நின்னே ஊத்தினோம். தொட்டுக்க வெங்காயம் வேற கேட்டாரு. ரோட்டையே எட்டி எட்டிப் பாத்துக்கிட்டுக் குடிச்சாரு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். தணிகாசலம் தாடியைத் தடவினார். அந்நாளில் அவருக்குத் தாடி கிடையாது.

விரைவு ரயில் வந்தது தெரியவில்லை, போனதுதான் தெரிந்தது. மதகிலிருந்து காரை உதிர்ந்தது. பூவாயி குனிந்து உள்ளே பார்த்தாள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதும் இதன் வழியாகத்தானாம்.

"அவர் பெயர் தெரியுமா, அம்மா?" தணிகாசலம் கேட்டார்.

"யாரு கண்டா? நீங்க ஊர் ஊராப் போறவங்க. எங்கயாச்சும் பார்த்தா சொல்லுங்க பெரியவரே, இந்த ஊர்ல ஆளுங்க இருக்கோம்னு."

"சொல்கிறேன்."

புல்லை அறுத்துக் கட்டினாள். புல்லுக்கட்டை முன்னால் தள்ளியபடி குழாய்க்குள் போய்விட்டாள்.

தணிகாசலம் குருவிடம் திரும்பினார்.

"நான்தான் என்று சொல்லவில்லை, சாமி."

"ஆமாம்."

"கண்ணால் கண்டதைத்தான் எழுதினேன். அதில் பொய் இல்லை."

"கூழ் கொண்டு வந்தவர்களைக் காணவில்லையா?"

"அவர்கள் கேட்டைக் கடக்கவில்லையே, சாமி." சொல்லும்போதே அவர் தலை தாழ்ந்தது.

குரு வேட்டியை மடித்துக் கட்டினார். சேற்றில் இறங்கி, மதகின் வாயில் நின்று திரும்பிப் பார்த்தார்.

"வாருங்கள், ஐயா."

தணிகாசலம் அசையவில்லை.

"அங்கே ஊரே இருக்கும், சாமி. எந்த முகத்தோடு போய் நிற்பேன்?"

"கூழ் குடித்த முகத்தோடு" என்றார் குரு.