வாசலை மறித்த அணிந்துரை

ஒரு சிறுகதை இருந்தது. அச்சுப் புத்தகத்தில் முப்பத்தோராம் பக்கத்தில் அதற்கு இடம். முன்பக்கங்களில் வாழ்த்துரை, அணிந்துரை, பதிப்புரை என்று மூன்று பெரியவர்கள் பொன்னாடை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைத் தாண்டி உள்ளே வந்தவர் ஒருவருமில்லை.

கதையை எழுதிய வடிவாம்பிகை ஒருநாள் வலைப்பக்கம் தொடங்கினார். "இங்கயும் யாரும் படிக்கலைன்னா இனி பேனாவையே தொடமாட்டேன்" என்று கணவரிடம் சொல்லிவிட்டுக் கதையை ஏற்றினார். பெரியவர்களை எப்படி விட்டுவிட்டு வருவது? மரியாதைக்காக அவர்களையும் அதே வரிசையில் முன்னால் ஏற்றினார். கதை மறுபடியும் கடைசியில் போய் நின்றது.

பஸ்ஸில் நின்றபடி ஒரு கட்டைவிரல் செல்போனில் வந்தது.

"கதை எங்க சார்?"

"அதற்கு முன் இரண்டு வார்த்தை" என்றது வாழ்த்துரை. இரண்டு வார்த்தை நாலு பக்கம் ஓடியது.

விரல் அதைத் தள்ளிவிட்டு வந்தால், அணிந்துரை தொண்டையைச் செருமியது. "இந்நூலாசிரியரை நான் நன்கறிவேன். அவரும் என்னை நன்கறிவார்..."

"நல்லா இருங்க ரெண்டு பேரும்!" என்று விரல் பூனை வீடியோ பார்க்கப் போய்விட்டது. அடுத்து வந்த விரலும் அப்படியே போனது.

கதைக்கு அழுகையே வந்துவிட்டது. பொன்னாடைகளுக்கு அடியில் புகுந்து, தவழ்ந்து, எல்லோருக்கும் முன்னால் போய் நின்றுகொண்டது.

"அபசாரம்! பந்தியில் முதல் இலை யாருக்கு?" என்று கத்தியது அணிந்துரை.

"எனக்குத்தாங்க. என்னைப் பார்க்கத்தானே வர்றாங்க!"

மூன்றாவதாக ஒரு விரல் வந்தது. படிக்க ஆரம்பித்தது. இறங்கவேண்டிய நிறுத்தத்தைக்கூட விட்டுவிட்டது. கடைசி வரியில் திரையைத் துடைத்துக்கொண்டு, 'அம்மா, அடுத்த கதை எப்போ?' என்று எழுதியது. அதைப் பார்த்த வடிவாம்பிகை அடுப்பில் பால் பொங்குவதையும் மறந்து பேனாவைத் தேடினார்.

விரலுக்கு இன்னும் மனசு ஆறவில்லை. கீழே இறங்கி அணிந்துரையிடமே கேட்டது: "சார், கடைசியில அவ திரும்பி வந்து கதவைத் தட்டுறாளே, அந்த இடம் எப்படி சார்?"

அணிந்துரை பொன்னாடையை இழுத்துவிட்டுக்கொண்டது. "நன்று, மிக நன்று" என்றது. விரல் போகும்வரை காத்திருந்தது. பிறகு மெல்ல மேலே ஏறிக் கதையின் காதருகே குனிந்தது.

"கோவிச்சுக்காதேம்மா. யாரு திரும்பி வர்றா?"