ழகரத்தில் ஒரு விருந்து

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்பதால் பெயர் சொல்லாத ஒரு நாட்டில், அரசருக்குச் சாப்பாடு அலுத்துப்போனது. எதைப் பரிமாறினாலும், "நேற்றும் இதுதானே?" என்றார். ஒருநாள் அவருக்கு ஒரு யோசனை பிறந்தது. அவையில் இருக்கும் பன்னிரண்டு பேரும் ஆளுக்கொரு நாள் விருந்து வைக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஓர் எழுத்து. அந்த எழுத்தின் வரிசையில் தொடங்கும் பண்டங்கள் மட்டுமே இலையில் விழலாம். வைக்க முடியாதவர் அவையை விட்டே போய்விட வேண்டும்.

எழுத்துகளை ஓலையில் எழுதிக் குடத்தில் போடும் வேலை மடைப்பள்ளித் தலைவர் அகோரமூர்த்தியிடம் வந்தது. அவருக்கு அரசவை விகடகவி வயிரவநாதனைக் கண்டால் ஆகாது. ஒருமுறை அவருடைய ரசத்தைக் குடித்துவிட்டு, "தண்ணீர் அருமை" என்று சொன்னவன் அவன்.

வயிரவநாதன் பெரிய தொந்திக்காரன். "என் பெயரை எழுதியவர் பிழை செய்துவிட்டார். வயிறுநாதன் என்றுதான் இருந்திருக்க வேண்டும்" என்று அவனே சொல்லிக்கொள்வான். நடப்பதற்குச் சோம்பல்பட்டு, குடத்தருகே கடைசி ஆளாக வந்து சேர்ந்தான். அவன் எப்போதும் கடைசியில்தான் வருவான் என்று தெரிந்த அகோரமூர்த்தி, மற்றவர்கள் எடுத்து முடித்த பிறகே குடத்தில் போட்ட ஒரே ஓலையை எடுத்தான். அதில் 'ழ' என்று எழுதியிருந்தது.

அரசரே திகைத்தார். "இந்த எழுத்தில் எந்தச் சொல்லும் தொடங்காதே, அகோரமூர்த்தி?"

"தமிழுக்கே அழகு தரும் எழுத்து, அரசே! அதை ஒதுக்கிவைத்தால் தமிழுக்கல்லவா அவமதிப்பு?" என்றார் அகோரமூர்த்தி.

அதற்கு மேல் அரசரால் மறுக்க முடியவில்லை. "நாளை மறுநாள் நண்பகல், உன் விருந்து" என்று சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்த வயிரவநாதன் இலை முன் உட்கார்ந்தும் சோற்றில் கை வைக்கவில்லை. அவன் மனைவி செங்கமலம் பயந்துபோனாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

"ஏங்க, அவையிலேர்ந்து அனுப்பிட்டா என்ன செய்வீங்க?"

"எனக்குத் தெரிஞ்ச தொழில் ரெண்டுதான் செங்கமலம். பேசுறது ஒண்ணு, தின்னுறது ஒண்ணு. ரெண்டாவதுக்கு எவனும் கூலி தரமாட்டான்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் கை இன்னும் சோற்றுக்குப் போகவில்லை. அவள் ஒரு கொழுக்கட்டையை எடுத்து அவன் கையில் வைத்தாள். பழக்கதோஷத்தில் அதன் நுனியைக் கடித்துவிட்டு, மிச்சத்தைப் பார்த்தபடி இருந்தான். அதன் பெயரை இரண்டு தடவை முணுமுணுத்தான். பிறகு மடமடவென்று சோற்றையெல்லாம் சாப்பிட்டு முடித்து, "இன்னொரு கரண்டி போடு. நாளன்னைக்கு நமக்கு நிறைய சமையல் இருக்கு" என்றான்.

விருந்து நாள் வந்தது. அவையே கூடியிருந்தது. வயிரவநாதன் அரசரின் இலையில் முதலில் ஒரு கொழுக்கட்டையை வைத்தான்.

"தோற்றான்!" என்று துள்ளினார் அகோரமூர்த்தி. "அரசே, கொழுக்கட்டை 'கொ'வில் தொடங்குகிறது!"

"தாங்கள் சொல்வது முற்றிலும் சரி" என்று வணங்கினான் வயிரவநாதன். "அரசர் உண்ணும் எதையும் மடைப்பள்ளித் தலைவர் முதலில் ஒரு வாய் உண்டு காட்டவேண்டும் என்பது நஞ்சுக்கு அஞ்சி வைத்த அரண்மனை வழக்கம். முதலில் அது நடக்கட்டும்."

அகோரமூர்த்தி அலட்சியமாக நுனியைக் கடித்தார்.

"ஐயா, இப்போது அந்த 'கொ' எங்கே?"

"எங்கே?"

"தங்கள் வாயில். முன்பகுதியைத் தாங்கள் தின்றுவிட்டீர்கள். இலையில் இருப்பது வெறும் ழுக்கட்டை!"

அவையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அடுத்து வயிரவநாதன் குழம்புக் கிண்ணத்தை நீட்டினான். அகோரமூர்த்தி பின்வாங்கினார். "நான் சுவைக்க மாட்டேன்!"

வயிரவநாதன் அரசர் பக்கம் திரும்பினான். "மடைப்பள்ளித் தலைவர் உண்ண மறுக்கிறார், அரசே. இதில் என்ன கலந்திருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும் போலிருக்கிறது."

அரசரின் புருவம் உயர்ந்தது. அதைப் பார்த்ததும் அகோரமூர்த்தி கிண்ணத்தைப் பிடுங்கி ஒரு வாய் குடித்தார். 'கு' போய் ழம்பு ஆனது. கிழங்கைக் கிள்ளி வாயில் போட்டார், ழங்கு ஆனது. குழிப்பணியாரத்தை விண்டு தின்றார், ழிப்பணியாரம் ஆனது. கடைசியாக வாழைப்பழம் வந்தது. ஆத்திரத்தில் அவர் வாயை அகலத் திறந்தார்.

"ஐயோ, மெதுவாக!" என்று அலறினான் வயிரவநாதன். "'வா' போதும்! 'ழை'யையும் சேர்த்துக் கடித்துவிட்டால் அது வெறும் பழமாகிவிடும். 'ப' வேறொருவர் விருந்து!"

அரசர் வாய்விட்டுச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிஞ்சிய ழைப்பழத்தை எடுத்து உண்டார். பல மாதங்களுக்குப் பிறகு இலை முழுவதையும் காலி செய்த பின்னர்தான் கேட்டார்: "இவ்வளவு சுற்றுவானேன்? முதல் எழுத்தை நீயே கடித்து வைத்திருக்கலாமே?"

"என் யோக்கியதை எனக்குத் தெரியும், அரசே. நான் 'கொ'வில் வாய் வைத்தால் 'டை'யில்தான் எடுப்பேன். தங்களுக்கு இலைதான் மிஞ்சியிருக்கும். அதனால்தான் அளவாகத் தின்னத் தெரிந்த பெரியவர் ஒருவரை நம்பினேன்."

அகோரமூர்த்திக்கே உதடு துடித்தது, சிரிப்பை அடக்கத்தான். "இனி ஓலை எழுதும் வேலை உமக்கு வேண்டாம். அதை இவன் பார்ப்பான்" என்று அவரிடம் சொன்ன அரசர், தம் இடையிலிருந்த பொற்கச்சையைக் கழற்றி விகடகவியிடம் நீட்டினார்.

வயிரவநாதன் மூச்சைப் பிடித்து, தொந்தியை உள்ளிழுத்து, கச்சையைச் சுற்றிப் பார்த்தான். இரண்டு நுனியும் சேரவில்லை.

"அரசே, மன்னிக்க வேண்டும்" என்றான். "'க' மட்டும்தான் வந்திருக்கிறது. 'ச்சை'க்கு இன்னும் ஒரு முழம் பொன் வேண்டும்."

மறுபடி சிரித்துப் புரையேறிய அரசர், தட்டானைக் கூப்பிடச் சொல்லிக் கையாட்டினார். ஒரு முழம் போதாது என்று தட்டான் சொன்னதும், ஒன்றரை முழமே கொடுத்தார்.