மூச்சைப் பிடித்துக்கொண்டு

"நான் எதையும் விடலையே மேடம். ஒரு பட்டன் பாக்கியில்லாம எழுதினேனே," என்றார் வேதநாயகம். "அப்புறம் எப்படி அந்த ஆள் செத்தார்?"

எதிரே மெஹருன்னிசா உட்கார்ந்திருந்தார். வேதநாயகத்தைவிட வயதில் சின்னவர்தான். ஆனாலும் செயற்கைச் சுவாசக் கருவியின் மென்பொருளுக்கு உதவிப் பக்கம் எழுதும் வேலையை அவரிடம்தான் இவர் கற்றுக்கொண்டார். பேச்சில் கஞ்சம் பிடிக்கிற மனுஷி.

நடந்தது இதுதான். ஒரு சின்ன ஊர் மருத்துவமனையில் கருவி திடீரென்று மூச்சுக் கொடுப்பதை நிறுத்திவிட்டுக் காத்திருப்பு நிலைக்குப் போய்விட்டது. வார்டில் ஒரே ஒரு நர்ஸ். ஒரு கையால் காற்றுப்பையை அமுக்கி நோயாளிக்கு மூச்சுக் கொடுத்துக்கொண்டே, மறுகையால் கருவியின் திரையில் உதவியைத் திறந்து தேடியிருக்கிறார். பக்கம் பக்கமாகத் தள்ளியிருக்கிறார். கடைசியில் பையை அமுக்கிய கை ஓய்ந்துபோனது.

நாளைக் காலை அதே உதவிப் பக்கங்கள் இன்னும் பல மருத்துவமனைகளுக்குப் போகப்போகின்றன.

"அந்த சிஸ்டருக்குத் தேடத் தெரியல," என்றார் வேதநாயகம். சொன்ன வாய்க்கே அது கசந்தது.

"நீங்க தேடுங்க சார்."

மெஹருன்னிசா மேஜையில் சோதனைக்கு வைத்திருந்த சுவாசக் கருவியைக் காத்திருப்பு நிலைக்குத் தள்ளி, திரையை அவர் பக்கம் திருப்பினார்.

"இது திரும்ப ஓடணும். ஹெல்ப்பைப் பார்த்து ஓட வைங்க. மனசுல இருக்கிறதை வெச்சு இல்ல."

பிறகு வாயை இறுக மூடி, மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

வேதநாயகம் சிரித்தார். மெஹருன்னிசா சிரிக்கவில்லை.

தேடினார். முதலில் முன்னுரை வந்தது. அவரே ரசித்து ரசித்து எழுதியது. அடுத்து, 'சேமி' பொத்தானை அழுத்தினால் சேமிக்கும் என்று ஒரு பக்கம். திரையின் நிறத்தை மாற்றுவது எப்படி. அலார ஓசையை மாற்றுவது எப்படி. மனுஷர் எதையும்தான் விட்டுவைக்கவில்லையே.

அப்போதுதான் நினைவு வந்தது. மென்பொருளின் மெனுவில் காத்திருப்பு நிலை 'அமைப்புகள்' என்பதற்குள் இருந்தது. உதவியிலும் அங்கேயே கொண்டுபோய்ச் செருகியிருந்தார். வரிசை மாறக்கூடாது என்பதில் அவருக்கு அவ்வளவு பிடிவாதம்.

அமைப்புகளைத் திறந்தார். இத்திரையின் நோக்கம். காத்திருப்பு நிலை என்றால் என்ன. அதன் பயன்கள்.

மெஹருன்னிசாவின் முகம் சிவந்து கறுத்தது. கழுத்து நரம்பு புடைத்தது.

வேதநாயகத்தின் விரல் வழுக்கி வேறு பக்கத்துக்குப் போனது.

"விடுங்க மேடம்."

விடவில்லை.

"போதும் மேடம், மூச்சு விடுங்க."

அவர் திரும்பி வந்து பயன்களைத் தாண்டுவதற்குள் மெஹருன்னிசா வாய் பிளந்து, மேஜையைப் பிடித்துக்கொண்டு இருமினார். கண்ணில் நீர் வழிந்தது.

பக்கத்தின் அடியில் அந்த வரி இருந்தது. 'பச்சைப் பொத்தானை விடாமல் அழுத்திப் பிடிக்கவும்.' ஒரே வரி. அவர் எழுதியதுதான்.

வேதநாயகம் நாற்காலியில் சரிந்தார். நர்ஸின் ஓய்ந்த கை கண்முன் வந்து நின்றது. வெட்கத்தை விட்டு அழுதார்.

"எழுதின எனக்கே நேரத்துக்குக் கிடைக்கலையே."

மெஹருன்னிசா கண்ணைத் துடைத்துக்கொண்டார். தண்ணீர் குடித்தார்.

"இன்னைக்கே மாத்திடறேன் மேடம். எதை வைக்கிறது, எதை எடுக்கிறது? அதை மட்டும் சொல்லுங்க."

மெஹருன்னிசா ஆழமாக மூச்சை இழுத்தார். அந்தத் திரையைச் சுட்டிக்காட்டிவிட்டு, மறுபடியும் மூக்கைப் பிடித்துக்கொண்டார்.