வெள்ளை வெளேரென்று ஒரு சவ்வு

கழிமுகத்தில் எண்ணெய் படிந்து இறாலெல்லாம் செத்து மிதந்தது. அங்கே கையால் இறால் தடவிப் பிழைத்த தேசம்மா, மாசுச் சோதனைக்கு அதிகாரி வந்த அன்று, கழிமுகத்தில் கழிவு விடும் ஆலையின் வாசலில் போய் நின்றாள். கழிவுக்குழாயை அடைக்கச் சொன்னாள்.

மேலாளர் சிரித்தார். "குழாய் வாயில சவ்வு கட்டி ஒரு வருசமாச்சு. தண்ணியை விடும், எண்ணெயைப் பிடிச்சுக்கும். எண்ணெய் எங்களுதுன்னு நீ நிரூபிச்சுக் காட்டும்மா, இப்பவே அடைக்கிறேன்."

"எனக்கு என்னங்கய்யா தெரியும்? அந்தச் சவ்வை ஒருதரம் கண்ணுல காட்டுங்க."

மேலாளர் பெருமையாகக் கழற்றிவரச் சொல்லி, அதிகாரி முன்னால் விரித்தார். வெள்ளை வெளேரென்று இருந்தது.

தேசம்மா தொட்டுப் பார்த்தாள். "வடை எண்ணெய் ஒருநாள் வடிகட்டினாலே எங்க துணி பழுத்துப்போவுது. வருசம் பூராப் பிடிச்ச எண்ணெயை இது எங்கய்யா வச்சிருக்கு?"

அதிகாரி அங்கேயே குழாயை அடைக்க வைத்தார்.

தேசம்மா நேரே கழிமுகத்தில் இறங்கித் தடவினாள். பொழுது சாயும்வரை கைக்குச் சேறுதான் வந்தது.