செம்பன் கொண்டுவந்த அத்திக்கிளை

மலையடிவாரக் காட்டில் செம்பன் என்றொரு மலை அணில் இருந்தான். செம்பட்டை முதுகு, புசுபுசுவென்று நீண்ட வால், அதைவிட நீண்ட வாய். அவனுக்கு ஒரு சிநேகிதி உண்டு. கட்டைவிரல் அளவே இருக்கும் தையல்சிட்டு. அவள் அலகைப் பார்த்து எல்லாரும் அவளை ஊசியக்கா என்று கூப்பிட்டார்கள்.

ஊசியக்கா இலை தைப்பவள். பெரிய இலையாகப் பார்த்து, அதன் இரண்டு ஓரங்களையும் இழுத்து, அலகால் துளை போட்டு, பஞ்சு நூலைக் கோத்து, ஒரு பை போலத் தைத்துவிடுவாள். அந்தப் பைதான் அவள் வீடு. அதற்குள்தான் முட்டை இடுவாள்.

"எங்க அக்கா மாதிரி கைவேலைக்காரி இந்தக் காட்டிலேயே கிடையாது!" என்று செம்பன் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லுவான். அவளுக்குக் கையே கிடையாது என்பது வேறு விஷயம். அவள் தைப்பதை அவன் ஒரு தரம்கூட நின்று பார்த்ததில்லை.

"தம்பி, ஓடைப் பக்கம் புது வீடு தைச்சிருக்கேன். முட்டையும் இட்டாச்சு. ஒருநாள் வந்து பாரேன்!" என்று ஊசியக்கா கூப்பிட்டாள்.

"வராம இருப்பேனா அக்கா? நாளைக்கே வரேன்!" என்றான் செம்பன்.

நாளை வந்தது. எங்கோ இலந்தைப்பழம் பழுத்திருப்பதாகச் சேதியும் வந்தது. செம்பன் அந்தப் பக்கம் போய்விட்டான். அவள் மறுபடி மறுபடி கூப்பிட்டும் இப்படியே ஏதாவது ஒன்று வந்துவிடும்.

ஊசியக்கா அந்த முட்டைகள்மேல் உயிரையே வைத்திருந்தாள். போன தடவை இட்டதை வெள்ளம் கொண்டுபோயிருந்தது. அதற்கு முந்தியதைப் பாம்பு தின்றிருந்தது. இதுவாவது பொரியவேண்டுமே என்று அவள் ஏங்காத நேரமில்லை.

செம்பனுக்கும் அந்த வருஷம், அந்த முட்டைகளுக்கு முன்னாலேயே, ஒரு கஷ்டம் வந்திருந்தது. ஐப்பசி மழையில் அவன் கூடு ஒழுகியது. ஊசியக்காவிடம் வந்து மூக்கைச் சிந்தினான். "என்ன செய்யறதுன்னே தெரியலை அக்கா! வால்கூடக் காயமாட்டேங்குது!"

கொஞ்ச நாளில் ஒழுகல் நின்றுவிட்டது. உடனே செம்பன் மார்தட்டிக்கொண்டான். "பார்த்தீங்களா என் கட்டுமானத்தை! நனைஞ்ச குச்சி தானாவே இறுகிடுச்சு!"

ஊசியக்கா சிரித்தாள்.

அந்தக் காட்டுக்கு மேலே மலைமேட்டில் ஒரு மாதா கோயில் இருந்தது. கிறிஸ்துமஸ் காலையில் அங்கே நெடுநேரம் மணி அடிப்பார்கள். மணி ஓய்வதற்குள் காட்டிலுள்ளவர்கள் எல்லாரும் நாவல் மரத்தடியில் கூடி, தங்களுக்குப் பிரியமான ஒருவருக்குப் பரிசு கொடுக்கவேண்டும். இந்த வழக்கத்தை யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியாது. கோயில் மாமரத்தில் குடியிருக்கும் மைனா கீழே வந்து சொல்லித்தான் ஆரம்பித்திருக்கும். அவளால் எதையும் வயிற்றில் வைத்திருக்க முடியாது.

கிறிஸ்துமஸ் விடிந்தது. காடு முழுக்கப் பனிமூட்டம். செம்பன் வாலைப் போர்த்திக்கொண்டு தூங்கினான்.

"எழுந்திருடா சோம்பேறி!" என்று மைனா கத்தினாள். "மணி அடிக்கப் போறாங்க! ஊசியக்காவுக்கு என்ன வச்சிருக்கே?"

செம்பன் துள்ளி எழுந்தான். "ஐயையோ! இன்னிக்கா? மறந்தே போச்சே! மைனாக்கா, நீங்களே சொல்லுங்க, கைவேலை செய்யறவங்களுக்கு என்னதான் கொடுக்கிறது?"

"எருக்கம்பஞ்சு கொடு. அவளுக்கு நூல் எப்பவும் வேணும்."

"பஞ்சா? ஊதினா பறந்துடும்! அத்தனை பேர் முன்னாடி அதையா நீட்டுவேன்?"

"சிலந்திகிட்ட கேட்டு நாலு இழை வாங்கிக்கோ."

"கண்ணுக்கே தெரியாத பரிசா? கேலி பண்ணாதீங்க!"

"அப்போ அவ வேலை செய்யற இடத்துக்கு ஓடிப் போய்ப் பாரு. என்ன குறையுதுன்னு தானா தெரியும்."

"பார்க்கிறதுக்கெல்லாம் இப்போ நேரம் ஏது!" என்றான் செம்பன்.

மைனா தலையை ஆட்டிவிட்டுப் பறந்துபோனாள். செம்பன் காதைச் சொறிந்தான், மீசையை இழுத்தான். சட்டென்று மூளையில் ஒன்று உதித்தது. அக்கா எதை வைத்து வேலை செய்கிறாள்? இலையை வைத்து! காட்டிலேயே பெரிய இலைகள் உள்ள கிளையைக் கொண்டுபோய்ப் போட்டால் வருஷம் முழுக்கத் தைத்துக்கொண்டே இருக்கலாமே!

மலை அணிலுக்கு இலை என்றால் கடித்து எடுக்கிற பொருள். இலையும் குச்சியுமாகக் கடித்து வந்து அடுக்கினால் கூடு ஆகிவிடும். உலகத்தில் எல்லாரும் அப்படித்தான் வீடு கட்டுகிறார்கள் என்று செம்பன் நினைத்திருந்தான்.

பெரிய இலை எங்கே கிடைக்கும்? ஓடைக்கரை அத்தி மரத்தில்! ஓடை என்றதும் என்னவோ ஞாபகத்துக்கு வருகிற மாதிரி இருந்தது. அதற்குள் மணி அடிக்க ஆரம்பித்துவிட்டது. செம்பன் ஓட்டமாக ஓடினான்.

பனியில் எதுவும் சரியாகத் தெரியவில்லை. தாழ்ந்த கிளை ஒன்றில் இலைகள் முறம் முறமாகத் தொங்கின. "இதுதான்! இதுதான்!" என்று கறுக் கறுக்கென்று கடித்தான். கிளை முறிந்து விழுந்தது. இறங்கி வந்து புரட்டிப் பார்த்தான். நடுவில் ஓர் இலை மட்டும் சுருண்டு கிடந்தது. புழு வைத்த இலை போலிருக்கிறது என்று முகத்தைச் சுளித்தான். கிளை அழகாக இருக்கவேண்டுமே! அந்தச் சுருண்ட இலையை வெளியே தெரியாதபடி மற்ற இலைகளுக்குள் செருகிவிட்டு, கிளையைக் கவ்வி இழுத்துக்கொண்டு கிளம்பினான்.

வழியில் பின்னால் சொத்தென்று ஏதோ விழுந்தது. அத்திப்பழம்தான் என்று நினைத்தான். இன்னும் கொஞ்சம் தூரத்தில் மறுபடியும் சொத்தென்றது. பழம் போனால் போகட்டும், இலைதானே முக்கியம் என்று திரும்பிப் பார்க்காமல் இழுத்தான்.

நாவல் மரத்தடியில் எல்லாரும் கூடியிருந்தார்கள். ஊசியக்கா தரையில் நிற்காமல் தத்திக்கொண்டே இருந்தாள்.

"சீக்கிரம் தம்பி! முட்டை ஆறிடும், நான் போகணும்!"

"கண்ணை மூடுங்க அக்கா!" என்றான் செம்பன், மூச்சு வாங்க. கிளையை இழுத்து அவள் முன்னால் போட்டான். "இப்போ திறங்க!"

"அடேயப்பா!" என்றார்கள் எல்லாரும். "எவ்வளவு பெரிய பரிசு!"

செம்பனுக்குத் தலைகால் புரியவில்லை. ஊசியக்கா கிளையைப் பார்த்தாள். அவன் மனம் நோகக்கூடாதே என்று மெதுவாகத்தான் சொன்னாள்.

"நல்ல இலை தம்பி. ஆனா பறிச்ச இலையில நான் தைக்கிறதில்லை. அது ரெண்டு நாள்ல காஞ்சிடும், தையல் விட்டுடும். மரத்துலேயே உயிரோட இருக்கிற இலையிலதான் தைப்பேன். பரவாயில்லை, நீ ஆசையா கொண்டுவந்தியே, அதுவே…"

பேசிக்கொண்டே ஓர் இலையை அலகால் விலக்கினாள். உள்ளே செருகியிருந்த சுருண்ட இலை தெரிந்தது. அதன் ஓரத்தில் வரிசையாகத் தையல். அவளே போட்ட தையல்.

ஊசியக்கா அந்த இலைக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். வெகுநேரம் தலையை வெளியே எடுக்கவில்லை.

"இதை எங்கே கடிச்சே?" என்று கேட்டாள் கடைசியில்.

"ஓடைக்கரை அத்தியில அக்கா…"

"உள்ளே பஞ்சு மட்டும்தான் இருக்கு. முட்டை எங்கே?"

செம்பன் காதில் அந்தச் சொத்தென்ற சத்தம் மறுபடியும் கேட்டது. அவன் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தான்.

மைனாதான் வழி நெடுகத் தேடிக்கொண்டு பறந்தாள். தேடவேண்டிய அவசியமே இருக்கவில்லை. கிளை இழுபட்ட தடத்தில், சருகின்மேல், உடைந்த ஓடுகள் கிடந்தன. மலைமேட்டில் மணி இன்னும் சந்தோஷமாக அடித்துக்கொண்டிருந்தது. மரத்தடியில் யாரும் செம்பனைத் திட்டவில்லை. யாரும் அவன் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

"தெரிஞ்சு செய்யலை அக்கா! சத்தியமா எனக்குத் தெரியாது!" என்று செம்பன் கதறினான்.

"ஆமா தம்பி, உனக்குத் தெரியாது," என்றாள் ஊசியக்கா. அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் அவனுக்குத் தாங்கமுடியாமல் இருந்தது. "எத்தனை தடவை கூப்பிட்டேன்! ஒருநாள் வந்து பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

அவள் சிறகை விரித்தாள். பிறகு எதையோ நினைத்துக்கொண்டு நின்றாள். "உனக்கு உண்டான பரிசை முன்னாடியே கொடுத்துட்டேன். இன்னிக்குச் சொல்லலாம்னு இருந்தேன். வீட்டுக்குப் போய் மேலே பாரு."

சொல்லிவிட்டு ஓடையைத் தாண்டிப் பறந்துபோனாள்.

செம்பன் தன் மரத்துக்கு வந்தான். கூட்டுக்குள் நுழையாமல், வாழ்நாளில் முதல் தடவையாக, அண்ணாந்து பார்த்தான்.

அந்த மரத்தைச் சுற்றி ஏறிய அகன்ற இலைக்கொடி ஒன்று இருந்தது. அதன் இலைகளைக் கொடியிலிருந்து பறிக்காமலே ஒன்றோடொன்று சேர்த்து, அவன் கூட்டின்மேல் கூரை போலத் தைத்திருந்தாள். ஒழுகிய இடத்துக்கு நேர்மேலே தையல் இரட்டையாக இருந்தது. அவன் வெளியே போகும் நேரம் பார்த்து, எத்தனையோ நாள் மழையில் நனைந்துகொண்டு வந்து தைத்திருக்கிறாள். இலைகள் பச்சைப்பசேலென்று இருந்தன. ஓரத்தில் ஒரு புதுத்தளிர்கூட விட்டிருந்தது.

அன்று மாலை மழை பெய்தது. ஒரு சொட்டுகூட உள்ளே வரவில்லை. செம்பன் காய்ந்த கூட்டுக்குள் உட்கார்ந்து அழுதான். நாவல் மரத்தடியில் அவன் போட்ட கிளை அவள் சொன்னபடியே காய்ந்து, தையல் விட்டு, சருகோடு சருகாகப் போனது.

ஊசியக்கா அக்கரையிலேயே இருந்துவிட்டாள். அடுத்த கிறிஸ்துமஸுக்குச் செம்பன் மணி அடிப்பதற்கு வெகு முன்னாலேயே நாவல் மரத்தடிக்குப் போனான். வருஷம் முழுக்கச் சேர்த்த எருக்கம்பஞ்சு அவன் கையில் இருந்தது. மணி அடித்தது, மணி ஓய்ந்தது. அவள் வரவில்லை.

நண்பர் செய்கிற வேலையை ஒருநாளும் நின்று பார்க்காதவர் கடைசி நேரத்தில் ஓடிக் கொண்டுவரும் பரிசு, எவ்வளவு பெரியதாக இருந்தாலும், அந்த நண்பரிடமே எதையாவது பறித்துவிடும்.